மெஷின்தான் வெட்டியது

என் தம்பிக்கு எட்டு விரல். பிறந்தபோது பத்தும் இருந்தன. எண்ணிப் பார்த்தவளே நான்தான், அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. இடது கையில் சுண்டு விரலும் அதை ஒட்டிய மோதிர விரலும் நடுக்கணுவோடு போய்விட்டன. அவன் வேலை பார்த்த அச்சுப் பிரஸ்ஸில் அவனுக்குப் பெயரே 'எட்டு'. "எட்டு, டீ வந்துடுச்சு" என்று கூப்பிடுவார்கள். அவனுக்குக் கோபம் வராது. "பத்து விரல் வெச்சுக்கிட்டு நீங்க என்னத்தக் கிழிச்சீங்க" என்று கேட்டுக்கொண்டே மிச்சமிருக்கிற மூன்று விரலில் டம்ளரைப் பிடிப்பான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு டீச்சர் எழுதுகிறாள். பேத்தியை எழுதச் சொல்லியிருக்கலாம். இப்போது கல்லூரிக்குப் போகிறவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சொல்கிற கதை இல்லை இது. டீச்சருக்கும் ஒன்று சொல்லிவிட்டேன். அழகுபடுத்துகிறேன் என்று நான் சொல்லாத எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். படிக்கத்தான் தெரியாது, காது கேட்கும். ஒரு காது.

தம்பிக்குப் பேப்பர் வெட்டுகிற வேலை. முப்பத்தொரு வருஷம் ஒரே பிரஸ், ஒரே மெஷின். அச்சடித்த தாளை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, நான்கு பக்கமும் தட்டிச் சமன் செய்து, கத்திக்கு அடியில் தள்ளுவான். மெஷினின் அழுத்துக் கட்டை முதலில் இறங்கித் தாளைப் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு கத்தி இறங்கும். சத்தம் பெரிதாக இருக்காது, பெருமூச்சு விடுகிற மாதிரி 'ஹூம்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஐந்நூறு தாள் ஒரே மூச்சில் இரண்டாகிவிடும். வெட்டிய விளிம்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தே கத்தி மழுங்கிவிட்டதா இல்லையா என்று சொல்லுவான். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. என்னோடுதான் இருக்கிறான், இன்றைக்கும்.

விரல் போனது பேத்தி பிறந்த அன்று. மகளுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தம்பிக்கு என் மகள் என்றால் உயிர். பிரஸ்ஸிலோ மருந்துப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் அடுக்கு அடுக்காகக் கிடந்தது. முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மெஷினில் முன்பக்கம் இரண்டு பொத்தான்கள். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் போகாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. இவன் என்ன செய்தான் தெரியுமா. இடது பொத்தானில் ஒரு மரச்சில்லைச் செருகி, அது எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்துவிட்டான். வலது கை பொத்தானுக்கு, இடது கை தாளைத் தள்ள. வேலை பறந்தது. பதினொன்று பத்துக்கு விரல் இரண்டும் லேபிளோடு லேபிளாக விழுந்தன.

அதே நேரம் ஆஸ்பத்திரியில் குழந்தை வெளியே வந்தும் அழவில்லை. உடம்பு நீலம் பாரித்துக் கிடந்தது. நர்ஸ் முதுகைத் தேய்க்கிறாள், காலைச் சுண்டுகிறாள், சத்தமே இல்லை. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நான் நிற்கிறேன். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. நர்ஸ் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள். பதினொன்று பத்து.

மறுநாள் பிரஸ்காரர்கள் வந்து நேரத்தைச் சொன்னபோது வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை" என்றார் மருமகன். நானும் ஆமாம் என்றேன். ஆனால் முதுகில் ஒரு சில்லிப்பு ஏறியது. அது இறங்கவே இல்லை.

சில்லு செருகியதைத் தம்பி முதலாளியிடம் சொல்லவில்லை. கை வழுக்கிவிட்டது என்று சொல்லி வைத்தான். அந்த மரச்சில்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, கடிகாரத்துக்குப் பக்கத்தில் அலமாரித் தட்டில் வைத்தான். "எதுக்குடா இந்தப் பீடை" என்றால், "புத்தி வர வெச்சிருக்கேன்கா" என்பான். கட்டை விரல் அளவு இருக்கும். ஒரு முனை கறுத்துப் போயிருக்கும்.

பேத்திக்கு ஆறு வயதிருக்கும்போது ஒருநாள் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, மிச்ச விரல் எங்க?" என்று கேட்டாள். உன்னைப் பார்க்க வருகிற அவசரத்தில் போயிற்று என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது. இவன் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"மந்திரத்துக்கு."

"மந்திரம் என்ன குடுத்துச்சு?"

"உன்னை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் தம்பி கெட்டது அந்த ஒரு வார்த்தையால்தான்.

அதிலிருந்து ஆரம்பித்தது அந்த மந்திர நாட்டு விளையாட்டு. பிரஸ்ஸில் வெட்டிக் கழித்த தாள்களைத் தைத்து, ஒடுக்கமாக, நீளமாக ஒரு நோட்டு செய்து கொடுத்திருந்தான். அவன் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியதும் பேத்தி நோட்டும் பென்சிலுமாக எதிரில் உட்கார்ந்துவிடுவாள். சட்டம் போடுகிறவள் அவள்தான். இவன் பேரம் பேசுகிறவன். அதனால் அவளுக்கு 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்தான்.

"மத்த கதையில எல்லாம் மந்திரவாதி சும்மா கையை ஆட்டுறான், எல்லாம் வந்துடுது. அது ஏமாத்து. என் நாட்டுல எதுவும் சும்மா கிடைக்காது. உடம்புல இருந்து குடுக்கணும்" என்றாள்.

"சரி வக்கீலம்மா. நகம் குடுத்தா என்ன கிடைக்கும்?"

"நகம் திரும்ப வளந்துடும். அதனால சின்னதுதான். தொலைஞ்ச சாவி கிடைக்கும்."

"முடி?"

"அதுவும் வளரும். காய்ச்சல் குறையும், அவ்வளவுதான்."

"எனக்குத்தான் வளர மாட்டேங்குதே. நான் முடி குடுத்தா ஒரு மலையே நகரணும், பாத்துக்கோ."

"உங்ககிட்ட இருக்கிறது நாலு முடி தாத்தா. ஒரு செங்கல் நகரும்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். எனக்குப் பிடிக்காது. "பொழுது போனா பொழுது விடிஞ்சா கை, கால், பல்லுன்னு, இது என்ன வீடா கசாப்புக் கடையா" என்பேன். "கதைதானேக்கா" என்பான் தம்பி. கதைதான். நெருப்பென்றால் வாய் வெந்துவிடாதுதான். ஆனாலும் அந்த நோட்டு இருக்கிற பக்கம் தலை வைத்து நான் படுக்க மாட்டேன்.

சட்டங்கள் எனக்கு மனப்பாடம். அவள் உரக்கப் படிப்பாள், எழுத்துத் தெரியாதவளுக்குக் காதுதானே நோட்டு. தன்னுடையதைத்தான் கொடுக்கலாம், அடுத்தவர் உடம்பிலிருந்து கொடுக்க முடியாது. மனசோடு கொடுக்க வேண்டும். பல் கொடுத்தால் தூங்குகிறவர் கண் திறப்பார். விரல் கொடுத்தால் உயிர்.

ஒருநாள் கேட்டாள். "பெரியவங்க விரலும் சின்னவங்க விரலும் ஒண்ணா தாத்தா?"

"அது எப்படி ஒண்ணாகும்? என் விரல் பாதி வேலை பாத்து முடிச்ச விரல். உன் விரல் இன்னும் எவ்வளவு வேலை பாக்கணும். சின்ன விரலுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி" என்று இந்த மடையன் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.

இன்னொரு நாள் விடாமல் பிடித்துக்கொண்டாள். விரல் கொடுத்தபோது எதிரில் யார் நின்றார்கள், என்ன கேட்டார்கள், வலித்ததா, ரத்தத்தை யார் துடைத்தார்கள் என்று கேள்விக்கு மேல் கேள்வி. தம்பிக்கு வியர்த்துவிட்டது. தப்பிக்க ஒரு வழி செய்தான்.

"அதைப் பத்திப் பேசக் கூடாது வக்கீலம்மா. அதுவும் ஒரு சட்டம். குடுத்தவன் குடுத்தேன்னு சொல்லிட்டா வாங்கினது திரும்பப் போயிடும். யாராவது கேட்டா ஏதோ ஆயிடுச்சு, மெஷின் வெட்டிடுச்சுன்னுதான் சொல்லணும்."

"என்கிட்ட சொன்னீங்களே. நான் போகலையே."

"வாங்கின பொருள்கிட்ட மட்டும் ஒரே ஒரு தடவை சொல்லலாம். அந்தத் தடவை முடிஞ்சுபோச்சு. இனி நீயே கேட்டாலும் மெஷின்தான் வெட்டுச்சுன்னுதான் சொல்லுவேன்."

அவள் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். தம்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துவிட்டதாக அவனுக்கு நினைப்பு.

பேத்திக்கு ஒன்பது வயதில் என் மகள் படுத்துவிட்டாள். வயிற்று வலி என்றுதான் போனாள். அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே சீழ் கட்டி ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். நினைவில்லாமல் குழாய்களுக்கு நடுவில் கிடந்தாள். லாரி ஓட்டுகிற மருமகன் வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். ரத்தம் வேண்டும் என்றார்கள். தம்பி கொடுத்தான், மருமகன் கொடுத்தார், பிரஸ்ஸிலிருந்து ஐந்தாறு பேர் வந்து கொடுத்தார்கள். பேத்தியும் வரிசையில் போய் நின்று கையை நீட்டினாள். மேஜையிலிருந்த பெண், "உனக்குப் பதினெட்டு ஆகட்டும் கண்ணு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் உடம்புல இருந்து குடுத்தாங்க, அம்மாவுக்கு ஏத்தினாங்க. அப்ப சட்டம் சரிதானே பாட்டி."

"வாயை மூடிக்கிட்டு வாடி" என்றேன். அன்றைக்கு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

மறுநாள் காலையில் பார்க்கிறேன், இடுப்பு வரை இருந்த பின்னல் கழுத்தோடு நிற்கிறது. என்னடி என்றால், "பசை ஒட்டிக்கிச்சு பாட்டி, வெட்டிட்டேன்" என்றாள். சாயங்காலம் மருமகன் போன் செய்தார், காய்ச்சல் ஒரு படி இறங்கியிருக்கிறதாம். சந்தோஷத்தில் பின்னல் மறந்துபோனது.

அதற்கு அடுத்த நாள் அவள் சாப்பிடும்போது பார்த்தேன். பத்து விரலிலும் நகம் சதை தெரிய ஒட்ட வெட்டியிருந்தது. உப்புப் பட்டு முகத்தைச் சுளித்தாள், சத்தம் போடவில்லை. அன்றைக்கு மகள் கையை லேசாக அசைத்தாளாம்.

மூன்றாம் நாள் தலையணை உறையில் ரத்தம். "பல்லு தானா விழுந்துச்சு பாட்டி." முந்தாநாள்தான் அவளுக்குப் பல் தேய்த்துவிட்டேன், எந்தப் பல்லும் ஆடவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கும்போதே போன். மகள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

மனுஷிக்கு அந்தச் செய்தியைக் கேட்டால் அழுகை வர வேண்டும். எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. முடிக்குக் காய்ச்சல் குறையும். பல்லுக்குக் கண் திறக்கும். நானே காதால் கேட்ட சட்டம்.

அவள் பள்ளிக்கூடம் போனபிறகு கட்டிலுக்கு அடியில் தேடினேன். ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே நூல் கட்டிய பின்னல், காகிதத்தில் மடித்த நகம், பஞ்சில் சுற்றிய பல். தூக்கி எறிந்திருக்க வேண்டும் அல்லவா? எறியவில்லை. எங்கே எடுத்தேனோ அங்கேயே வைத்தேன். எறிந்தால் மகளுக்கு என்ன ஆகுமோ என்று நினைத்தேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் நோட்டுக்கு அறுபது வயதுக் கிழவி பயந்தேன், அதையும் எழுதிக்கொள் டீச்சர்.

தம்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடுத்தது என்னடா? பல்லுக்கு அப்புறம் உன் சட்டத்துல என்ன?" என்றேன்.

அவன் தன் இடது கையை வலது கையால் மூடிக்கொண்டான். பிறகு அலமாரித் தட்டிலிருந்து மரச்சில்லை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான்.

மூன்று வருஷமாகச் சொல்லாத உண்மையை அன்றைக்குச் சொன்னான். இரண்டு பொத்தான் எதற்கு, சில்லை எப்படிச் செருகினான், கத்தி எப்படி இறங்கியது என்று ஒன்று விடாமல். "மந்திரமெல்லாம் பொய் கண்ணு. தாத்தா பண்ண முட்டாள்தனம். மெஷின்தான் வெட்டுச்சு." சில்லை அவள் கையில் கொடுத்தே காட்டினான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவன் தோளைத் தட்டிக் கொடுத்து, "சரி தாத்தா. அப்படித்தான் சொல்லணும்" என்றாள்.

தம்பி வெளியே வந்து மூச்சு விட்டான். "புரிஞ்சுக்கிட்டாக்கா." எனக்கு எங்கேயோ உறுத்தியது. எது என்று பிடிபடுவதற்குள் போன் அடித்தது. மகளுக்குத் திரும்பவும் காய்ச்சல் ஏறிவிட்டது, மூச்சு வாங்குகிறது, இரண்டு நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனை நான் பிடித்திருந்தேன், மருமகன் குரல் வீடு முழுக்கக் கேட்டது. பேத்தி கதவோரம் நின்றிருந்தாள்.

அடுத்த நாள் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரை நாள். வந்ததும் பையை வைத்துவிட்டு, "பிரஸ்ல தாத்தாகூட உக்காந்திருக்கேன் பாட்டி" என்றாள். அடிக்கடி போகிற இடம், மூன்று தெரு தள்ளி. சரி என்றேன். வாசல் வரை போனவள் திரும்பி வந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் முத்தம் கொடுக்கிற பிள்ளை இல்லை.

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கட்ட நேரமாகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டே முக்கால். கண் பக்கத்துக்குப் போனது. தட்டு காலி. சில்லு இருந்த இடத்தில் தூசியில்லாமல் ஒரு சின்னத் தடம்.

அப்போதுதான் உறுத்தல் முழுசாக விளங்கியது. கொடுத்தவன் மெஷின்தான் வெட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். இவன் அதையேதான் சொல்லியிருக்கிறான். உண்மையைச் சொல்கிறேன் என்று அவளுக்கு வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். மெஷினை எப்படி ஏமாற்றுவது என்று, சில்லைக் கையில் கொடுத்து.

கதவைக்கூடச் சாத்தவில்லை. செருப்பில்லாமல் ஓடினேன். எனக்கு முட்டி வலி, இரண்டு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு மூன்று தெருவும் எந்தக் காலால் கடந்தேனோ தெரியாது. ஒரு சைக்கிள்காரர் "பாத்துப் போங்கம்மா" என்று திட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

பிரஸ்ஸில் சாப்பாட்டு நேரம். எல்லோரும் பின்கட்டில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள், சிரிப்புச் சத்தம் கேட்டது. மெஷின் கூடத்தில் யாருமில்லை. சாப்பிடப் போகும்போது தம்பி சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவான். இப்போது மெஷின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேத்தி ஒரு தாள் கட்டின்மேல் ஏறி நின்றிருந்தாள். இடது பொத்தானில் சில்லு செருகியிருந்தது. இடது கையைக் கத்திக்கு அடியில் வைத்து, மற்ற விரல்களை மடக்கிச் சுண்டு விரலை மட்டும் நீட்டியிருந்தாள். அந்த விரலின் நடுக்கணுவில் பேனாவால் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறாள், அவ்வளவு நேராக இருந்தது. வலது கை பொத்தானுக்கு மேலே தயாராக நின்றது.

எனக்கும் அவளுக்கும் நடுவில் பதினைந்து அடி, தாள் கட்டுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. கத்தினால் திடுக்கிட்டு அமுக்கிவிடுவாள். ஓடினாலும் அமுக்கிவிடுவாள். சுவரில் எது அந்தச் சுவிட்ச் என்று எனக்குத் தெரியாது.

அதற்குள் பின்கட்டுக் கதவிலிருந்து தம்பி வந்துவிட்டான். தண்ணீர்ச் செம்பை மறந்து வைத்துவிட்டுப் போனவன், எடுக்க வந்திருக்கிறான். பார்த்தான். செம்பு கீழே விழவில்லை, அதை எடுக்கவே இல்லையே. வாயில் சோற்றோடு அப்படியே நின்றான்.

"கண்ணு, வேண்டாம்டா. தாத்தா சொன்னேன்ல. மந்திரம் இல்ல. மெஷின்தான்..."

"தெரியும் தாத்தா. நீங்க அப்படித்தான் சொல்லணும்." அழுதுகொண்டே சொன்னாள், கையை எடுக்கவில்லை. "எனக்கும் தெரியும். கேட்டா நானும் அப்படியே சொல்லிடறேன். நீங்க போங்க. பாத்தா எனக்குப் பயமா இருக்கு."

உண்மை என்று எதைச் சொன்னாலும் அவளுக்கு அது சட்டப்படியான பொய். எங்கள் வாயை எங்கள் கையாலேயே தைத்து வைத்திருந்தோம். இனி எந்த வார்த்தையை எடுத்தாலும் அவள் நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

"வக்கீலம்மா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "உன் நோட்டுல எனக்கு ஒரு சந்தேகம். கேட்டுக்கட்டுமா?"

அவள் திரும்பினாள். சட்டத்தில் சந்தேகம் என்றால் அவளால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, பிறவிக் குணம்.

"என்ன பாட்டி?"

"யாரு உடம்புல இருந்து குடுக்கலாம்?"

"அவங்கவங்க உடம்புல இருந்துதான்."

"அடுத்தவங்களோடதை எடுத்துக் குடுத்தா?"

"செல்லாது."

"அப்ப அந்த விரல் யாரோடது?"

"என்னோடது."

"எப்படிடி உன்னோடதாகும்? உன்னை வாங்கினது யாரு? ரெண்டு விரல் குடுத்து உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் வாங்கியிருக்கு. பத்து விரலும் அதுல சேத்திதான். முடி, நகம்கூடக் கேக்காமத்தான் எடுத்திருக்க. வாங்கின பொருள் தன்னை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுக்குமா? உங்க அம்மாவுக்கு அது போய்ச் சேராது. விரலும் போகும், அம்மாவும் வரமாட்டா."

அவள் நெற்றி சுருங்கியது. யோசிக்கிறாள். வலது கை இன்னும் பொத்தானுக்கு மேலேதான். எனக்குக் காதுக்குள் என் நெஞ்சு அடிப்பது கேட்டது. மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"தாத்தா. பாட்டி சொல்றது நிஜமா? நீங்கதான் என்னை வாங்கினீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் அந்தச் சட்டப்படி வாங்கியது திரும்பப் போய்விடும். இல்லை என்றால் விரல் அவளுடையதாகிவிடும். தம்பி என்னைப் பார்த்தான். மெல்ல முடியாத சோற்றை விழுங்கிவிட்டு, தன் மூன்று விரல் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னான்.

"மெஷின்தான் வெட்டுச்சு."

பொய் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். நேற்று எந்தச் சொல் அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதோ அதே சொல். அவள் நோட்டுப்படி அதற்கு ஆமாம் என்று அர்த்தம். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு வலது கையைக் கீழே போட்டாள். இடது கையை வெளியே எடுத்து, அது இரவல் வாங்கிய பொருள் மாதிரி, பத்திரமாகத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

தம்பி போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தான். அப்புறம் தாள் கட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். அவள் வந்து என் மடியில் விழுந்தாள்.

"அப்ப அம்மாவுக்கு யாரு பாட்டி குடுப்பாங்க?"

"உங்க அம்மா என் பொண்ணு. என் வயித்துல இருந்து வந்தவ. நான் பாத்துக்கறேன்."

"நீ என்ன குடுப்ப?"

"கேக்கக் கூடாது, சொல்லக் கூடாதுன்னு நோட்டுல யாரு எழுதினது?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். ஆனால் அதற்கப்புறம் நான்கு நாள் இருந்ததே, அந்த மாதிரி நாளை எதிரிக்கும் நினைக்க மாட்டேன். மறுபடி நினைவில்லாமல் மகள் கிடக்கிறாள். இதுவரை ஏதோ ஒன்று போய்க்கொண்டிருந்தது, ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது. அந்தக் கதவை நானே சாத்திவிட்டேன். போன் அடிக்கும்போதெல்லாம் என் கையால்தான் அவளைக் கொன்றுவிட்டேனோ என்று உடம்பு வேர்க்கும். அந்த நான்கு நாளில் தனியாக இருக்கும்போது நான் என்ன சொன்னேன், எதைப் பார்த்துச் சொன்னேன் என்று டீச்சர் இப்போது கேட்கிறாள். எழுதுகிற வேலையை மட்டும் பார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. மருந்து கேட்டுவிட்டது என்றார் டாக்டர். அவர் சொன்னால் சரிதான். ஒரு மாதம் கழித்து மகள் வீட்டுக்கு வந்தாள். துணி காயப்போடுகிற கம்பி மாதிரி இருந்தாள், ஆனால் வந்தாள்.

பேத்தி அந்த நோட்டை அப்புறம் திறக்கவில்லை. பிஸ்கட் டப்பா என் பெட்டியின் அடியில் இருக்கிறது, இன்னும் எறியவில்லை. சில்லைத் தம்பி அன்றே பிரஸ்ஸில் பசை காய்ச்சுகிற அடுப்பில் போட்டுவிட்டான். முதலாளியிடமும் போய் உண்மையைச் சொன்னான். வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தான். அவர் சில்லு செருகினால் ஓடாத மாதிரி மெஷினை மாற்றி வைக்க ஆளைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் பதினோரு வருஷம் தம்பி அந்த மெஷினில்தான் வெட்டினான். சாப்பிடப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்ப்பானாம். எட்டுக்கு வயசாயிடுச்சு என்று அங்கே சிரிப்பார்கள்.

மகள் வந்து இரண்டு வாரம் இருக்கும். சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். தம்பி என் இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறான், நான் பேசாமல் இருந்திருக்கிறேன். தோளைத் தொட்டான்.

"மூணு தடவை கூப்பிட்டேன்கா. காது கேக்கலையா?"

"இந்தப் பக்கம் கேக்கலடா."

"எப்பலேருந்து?"

எதிரில் பேத்தி அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். என் காதைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள்.

"எப்பலேருந்துக்கா?" தம்பியின் குரல் இறங்கியிருந்தது. மூன்று விரலால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வயசாச்சுடா" என்றேன். "வயசாச்சு, போச்சு."

இன்றைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.